ஒரு ஜூல் என்னும் எல்லைக்கோடு

விடுமுறைக்குத் திருச்சிக்குச் சென்ற சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று அங்கே பையனுக்கு நெகிழிக்குண்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருவிழாக் கடைகளில் தொங்கும் எளிய பொருள்தான். உள்ளே ஒரு சுருள்வில். அது காற்றை அழுத்தும். அழுந்திய காற்று 6 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை வெளியே தள்ளும். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஆயினும் திருச்சியில் பொம்மையாக வானூர்தி ஏறியது சாங்கியில் படைக்கலமாக இறங்கக்கூடும்.

சிங்கப்பூரின் 1913 ஆம் ஆண்டுப் படைக்கலங்கள், வெடிபொருள்கள் சட்டம், படைக்கலம் எது என்று வரையறுத்தபோது வெடிமருந்துத் துப்பாக்கியோடு காற்றுத்துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. குண்டு எத்தனை ஜூல் ஆற்றலோடு வெளிவருகிறது என்று அவ்வரையறை கேட்கவில்லை. ஏர்சாஃப்ட் எனப்படும் விளையாட்டுத் துப்பாக்கிகளையும் அந்த வட்டத்துக்குள்ளேயே காவல்துறை வைத்தது. உரிமமின்றி அவற்றைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். 2021 ஜனவரியில் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நெருங்கி வாழும் நகரத்துக்கு இந்தக் கண்டிப்பில் ஒரு வசதி உண்டு. தெருவில் நிற்கும் காவலர் வேகமானியைக் கையில் வைத்துக்கொண்டு எது துப்பாக்கி, எது பொம்மை என்று ஆராய வேண்டியதில்லை. நான் இதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வகையால் தடுக்கும் சட்டம், எவ்வளவு வலிமை எவ்வளவு தீங்கு செய்யும் என்ற வினாவைத் தொடாமலே கடந்துவிடுகிறது. ஒருவரையொருவர் சுட்டு ஆடும் ஏர்சாஃப்ட் விளையாட்டை அனுமதித்த நாடுகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவை ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

ஹாங்காங் சொன்ன எண் 2 ஜூல். குழல்வாயில் குண்டின் ஆற்றல் அதைத் தாண்டினால் அது படைக்கலம். பிரிட்டன் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு எண்களைச் சொன்னது: ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல், தொடர்ந்து பொழிவதற்கு 1.3 ஜூல். ஜப்பான் 2006 இல் வேறொரு வழியில் சிந்தித்தது. குண்டின் மொத்த ஆற்றலைப் பார்க்காமல், குண்டின் குறுக்குப்பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் எவ்வளவு ஆற்றல் என்று பார்த்து 3.5 ஜூலில் கோடு போட்டது. 6 மில்லிமீட்டர்க் குண்டுக்கு அது ஏறத்தாழ 0.99 ஜூல் ஆகிறது. இம்மூன்றில் ஜப்பானியர் வழியே அறிவுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கண்ணைப் பற்றிப் பேசும்போது காணலாம்.

ஒரு ஜூல் என்பது எவ்வளவு? ஏர்சாஃப்ட்டில் மிகப் பரவலான குண்டின் நிறை 0.20 கிராம். அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் இயக்க ஆற்றல் மிகச் சரியாக ஒரு ஜூல். நிறையில் பாதியை எடுத்து வேகத்தின் இருமடியால் பெருக்கினால் போதும். இவ்வளவு வட்டமான எண் இயற்பியலில் எளிதில் வாய்ப்பதில்லை. தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைத் தோளில் சுமந்த இளைஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்: அதன் குண்டு குழலைவிட்டு வெளிவரும்போது ஏறத்தாழ 1,700 ஜூல் சுமந்து வருகிறது. பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் பயன்படும் ஈயக்குண்டு சுமப்பது ஏறத்தாழ 7.5 ஜூல்.

அந்தப் போட்டிவகை சிங்கப்பூருக்கு அயலானதன்று. 2010 இளையர் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் நடந்தது. 2014 இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் தியோ ஷுன் சியே காற்றுக் கைத்துப்பாக்கியிலும், 2018 இல் கோல்டு கோஸ்ட்டில் மார்ட்டினா வெலோசோ காற்றுத்துப்பாக்கியிலும் தங்கம் வென்றனர். அங்கே கருவிச் சோதனை மிகக் கடுமையானது. கைத்துப்பாக்கியின் விசைவில் 500 கிராம் எடையைத் தாங்குகிறதா என்று எடைக்கல்லைத் தொங்கவிட்டே பார்ப்பார்கள், நீள்துப்பாக்கி 5.5 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. குண்டின் வலிமையைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. வலிமை கூடினால் புள்ளி கூடாது. இலக்கோ தாள், தாளுக்கு வலிக்காது. மனிதனே இலக்காகும் விளையாட்டில் மட்டும் வலிமை நியாயத்தையும் பாதுகாப்பையும் ஒருசேரத் தொடுகிறது. கூடுதல் வலிமை கொண்டவன் தொலைவிலிருந்தே வெல்கிறான். அருகில் சுட்டால் புண்ணாக்குகிறான்.

பறக்கும் குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க வகையில் அளந்து காட்டிய மனிதர் உயிர்நீத்தது தமிழ் மண்ணில். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707 இல் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த பொறியாளர். கடலூருக்கு அருகே கெடிலம் கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில், 1751 ஜூலையில் காய்ச்சலில் இறந்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1742 இல், பீரங்கிக் கலையின் புதிய நெறிகளைப் பற்றிய நூலை வெளியிட்டிருந்தார். கணிதவியலாளர் லெனார்டு ஆய்லர் அதை 1745 இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றார். பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கியில் உலகின் முதல் இடத்தை எட்டிய இளவேனில் வாலறிவன் பிறந்ததும் அதே கடலூரில்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ராபின்சுக்கு முன் குண்டின் வலிமையை அறிய மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்த்தார்கள். மரத்துக்கு மரம் ஆழம் மாறும். ராபின்ஸ் முக்காலி ஒன்றில் கனத்த இரும்புத்தகட்டைத் தொங்கவிட்டு, அதன் முகத்தில் மரப்பலகையைப் பொருத்தினார். குண்டு பலகையில் புதைந்ததும் முழு ஊசலும் பின்னே ஆடியது. ஊசலின் அடியில் கட்டிய நாடா அது எவ்வளவு ஆடியதோ அவ்வளவு வெளியே இழுபட்டது. நாடாவின் நீளத்திலிருந்து ஊசலின் வேகத்தையும், நிறைகளின் விகிதத்திலிருந்து குண்டின் வேகத்தையும் கணித்தார். சின்னஞ்சிறு குண்டின் கண்ணுக்குத் தெரியாத வேகம், கனத்த பொருளின் மெல்லிய அசைவாக மாறி ஒரு நாடாவில் பதிந்தது. நொடிக்கு 1,600 அடிக்கு மேற்பட்ட வேகங்களை அவர் இப்படியே கண்டார். அவ்வேகத்தில் காற்றின் தடை எவ்வளவு பெரிது என்பதையும் அதே ஊசல்தான் காட்டிக்கொடுத்தது. அரச கழகம் 1746 இல் அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது இந்த ஆய்வுக்காகத்தான்.

இவ்வளவு நடந்தபின்னும் பலகை முறை எளிதில் சாகவில்லை. இந்தியாவின் 1962 ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள், ஒரு காற்றுத்துப்பாக்கி உரிமத்துக்கு உட்பட்டதா என்று முடிவுசெய்ய ஓரங்குலத் தடிப்புள்ள மரப்பலகையையே நம்பின. 2016 ஆம் ஆண்டு விதிகளில்தான் ஜூல் வந்தது: 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். மெரினா கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கிகள் அந்த வாசலை எட்டிப் பார்ப்பதுகூட ஐயம். அவற்றின் குறிமுள் நேராக இருக்கிறதா என்பது வேறு வழக்கு.

இன்றைய வேகமானியில் ஊசலும் நாடாவும் இல்லை. ஒரு குறுங்குழாய், அதற்குள் இரண்டு ஒளிவாயில்கள். குண்டு முதல் ஒளிக்கற்றையை மறைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதை மறைத்ததும் நிற்கும். வாயில்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் என்றால், நொடிக்கு 100 மீட்டர் செல்லும் குண்டு அதைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு மில்லிநொடி. கடிகாரம் அதில் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தால் வேகத்தில் ஒரு விழுக்காடு பிழை. ஆற்றலில் அது இரண்டு விழுக்காடாகிவிடும், ஏனெனில் வேகம் இருமடியாக ஏறுகிறது. வேகமானி ஐந்து விழுக்காடு பொய் சொன்னால் ஆற்றல் பத்து விழுக்காடு பொய்யாகும். தேக்கா சந்தையில் மீன் நிறுக்கும் எடைக்கருவியில் சோதித்து ஒட்டிய வில்லை இல்லாவிட்டால் அதை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. விளையாட்டுத் திடல்களில் துப்பாக்கிகளைச் சோதித்து உள்ளே விடும் வேகமானிகளுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஒருவனை வெளியே அனுப்பும் அளவுகோல் தானே அளக்கப்படாமல் கிடப்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் கருவியைவிடப் பெரிய சிக்கல் எதை அளப்பது என்பதில் இருக்கிறது. விளையாட்டாளர்கள் பேசுவதெல்லாம் நொடிக்கு எத்தனை அடி என்ற கணக்கில். துப்பாக்கிப் பெட்டியிலும் அதுவே அச்சாகியிருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிறை மறைந்திருக்கிறது. 0.20 கிராம் குண்டால் சோதித்துவிட்டு, திடலுக்குள் நுழைந்தபின் 0.40 கிராம் குண்டை நிரப்பிக்கொள்பவரை எப்படிப் பிடிப்பது? சுருள்வில் துப்பாக்கியானால் கேடு பெரிதில்லை. வில் தரும் ஆற்றல் ஏறத்தாழ மாறாதது. கனத்த குண்டு நொடிக்கு 71 மீட்டராக மெதுவாக வரும், ஒரு ஜூல் ஒரு ஜூலாகவே இருக்கும். வளியால் இயங்கும் துப்பாக்கியில் கதை வேறு. கனத்த குண்டு குழலுக்குள் சற்றே நீண்டநேரம் தங்குகிறது. அந்நேரமெல்லாம் வளி விரிந்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது 80 மீட்டர் வேகத்தில் வெளிவந்தால் ஆற்றல் 1.28 ஜூல். வேகம் குறைந்திருக்கிறது, வலிமை கூடியிருக்கிறது. அடிக்கணக்கு மட்டும் பார்க்கும் நடுவர் வேகமானியைப் பார்த்துத் தலையசைத்து உள்ளே விட்டுவிடுவார். விளையாட்டாளர் வட்டத்தில் இதற்கு 'ஜூல் க்ரீப்' என்று பெயர். அறிந்தே செய்வோரும் உண்டு, அறியாமல் செய்வோரும் உண்டு.

ஆகவே எல்லை ஆற்றலில் இருக்கவேண்டும். அதுவும் அவரவர் அன்று நிரப்பப்போகும் குண்டை நிறுத்துப் பார்த்துக் கணித்த ஆற்றலில். பத்துக் குண்டுகளைத் தராசில் வைத்தால் 2 கிராமா 4 கிராமா என்பது மறைக்க முடியாத உண்மை. பல குண்டுகளைச் சுட்டுச் சராசரி எடுக்கும் வழக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். முகத்தில் படுவது சராசரிக் குண்டன்று, ஏதோ ஒரு குண்டு. வரிசையில் மிக உயர்ந்த எண்ணே கணக்கில் வரவேண்டும். அழுத்தக்காற்றுக் கலம் இணைத்த துப்பாக்கிகளில் அழுத்தம் திருத்தும் திருகைச் சோதனைக்குப்பின் பூட்டிவிடுவது இன்னும் அவசியம். ஒரு சுற்றுத் திருப்பினால் காலையில் அளந்ததெல்லாம் வீண்.

காலையில் அளந்தது வெயிலாலும் வீணாகும். வளித்துப்பாக்கிகளில் நிரப்பும் புரோப்பேன் தன் நீர்மத்தோடு சேர்ந்திருக்கும்போது 15 பாகை செல்சியசில் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு அழுத்தம் தரும். 32 பாகையில் அது 11 மடங்காகும். இலண்டன் குளிரில் ஒழுங்காக நடந்த துப்பாக்கி, ஏர்சாஃப்ட் சட்டத்துக்கு உட்பட்டு ஆடப்படும் பிலிப்பைன்சின் நண்பகலில் வேறொரு துப்பாக்கி. கரியமிலவளிக் குப்பியில் இன்னும் வியப்பான ஒன்று நடக்கிறது. அவ்வளியின் மாறுநிலை வெப்பம் 31 பாகை. அதற்குமேல் நீர்மம் என்றும் ஆவி என்றும் பிரிவே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாகாது. சிங்கப்பூரின் வழக்கமான பகல் உச்சவெப்பம் 31, 32 பாகை. ஆய்வுக்கூடத்தில் தேடிப்போய்க் காணும் இயற்பியல் எல்லை, சிராங்கூன் சாலை நடைபாதையில் ஒரு குப்பியை வெயிலில் வைத்தாலே கடந்துபோய்விடும். வெப்பநாட்டில் சோதனையைக் காலையில் ஒருமுறை நடத்திவிட்டு மாலைவரை நம்பியிருப்பது சரியாகாது.

குழலைவிட்டு வெளிவந்த குண்டுக்கு மீண்டும் ராபின்சே துணைக்கு வருகிறார். அவர் ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் வளைத்து, வழியெங்கும் மெல்லிய தாள்திரைகளை நிறுத்திச் சுட்டுக்காட்டினார். குண்டு முதல் திரைகளில் இடப்பக்கம் துளையிட்டது. போகப்போக வலப்பக்கம் திரும்பியது. வளைந்த குழலின் வலச்சுவரை உரசிச் சென்றதால் பெற்ற சுழற்சியே அதைத் திருப்பியது என்றார். ஆய்லர் அதை நம்பவில்லை. குண்டுகள் சரியான உருண்டையல்ல என்று காரணம் சொன்னார். நூறாண்டு கழித்து, 1852 இல், அதை மீண்டும் ஆராய்ந்த இயற்பியலாளர் மாக்னசின் பெயரே அவ்விளைவுக்கு நிலைத்தது. ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் உள்ளே குழலின் மேற்கூரையில் ஓர் இரப்பர் மேடு இருக்கும். குண்டு அதை உரசி மேற்பக்கம் பின்னோக்கிச் சுழன்றபடி வெளிவருகிறது. அச்சுழற்சி அதைக் காற்றில் தூக்கிப்பிடிக்கிறது. 'ஹாப்-அப்' என்று அவர்கள் திருகித் திருகிச் சரிசெய்வது இந்த விளைவைத்தான். வலிமை கூடாமலே தொலைவு கூடுவதற்கு அதுவே வழி. வலிமையை ஏற்றத் துடிப்பவர்கள் இரப்பரைச் சரிசெய்யக் கற்றிருந்தால் பல சண்டைகள் குறைந்திருக்கும்.

தொலைவு இன்னொரு நியாயக் கேள்வியைக் கிளப்புகிறது. குழல்வாயில் ஒரு ஜூலோடு புறப்படும் இரண்டு குண்டுகளை எடுத்துக்கொள்வோம்: ஒன்று 0.20 கிராம், மற்றது 0.40 கிராம். இரண்டின் பருமனும் ஒன்றே. காற்றுத்தடையைக் கணக்கில் சேர்த்தால், 20 மீட்டர் சென்றபின் மெல்லிய குண்டில் மிஞ்சுவது ஏறத்தாழ 0.22 ஜூல், கனத்ததில் 0.47 ஜூல். குழல்வாயில் சமமாக இருந்தவை இலக்கில் ஒன்றுக்கு இரண்டாகிவிடுகின்றன. ஆற்றல் எல்லையாலும் முழுநியாயம் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. சில திடல்கள் குண்டின் நிறைக்கும் உச்சவரம்பு வைக்கின்றன. வலிமை மிக்க குறிநோக்குத் துப்பாக்கிகளை இத்தனை மீட்டருக்குள் சுடக்கூடாது என்றும் தடுக்கின்றன. இரண்டும் தேவையே.

கண்ணுக்கு வருவோம். வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் டூமாவும் உடனாய்ந்தோரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, விழியைத் தாக்கும் எறிபொருள்களின் தீங்கை ஒரே அளவால் தொகுத்தது: பரப்புக்குரிய ஆற்றல். கருவிழியின் மேற்பரப்பு சிராய்ப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வரும் இடம் சதுர சென்டிமீட்டருக்கு 0.15 ஜூல். அக்குழுவினரின் பிற்கால ஆய்வின்படி, கண்கோளம் கிழிவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வரும் இடம் 3.55 ஜூல். 6 மில்லிமீட்டர்க் குண்டு ஒரு ஜூலோடு வந்தால் அதன் பரப்பாற்றல் 3.54. ஜப்பானியச் சட்டத்தின் 3.5 ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தொடையில் பட்டால் சிவந்த தடிப்போடு போகும் ஒரு ஜூல், மூடாத கண்ணில் அருகிலிருந்து பட்டால் காசைச் சுண்டிப்போடுவது போன்றது. தொலைவுக் குண்டின் 0.22 ஜூல்கூடச் சிராய்ப்பின் எல்லையைப் பலமடங்கு தாண்டியது. ஆற்றலுக்கு எந்த எல்லை வைத்தாலும் அது தோலைக் காக்கும், ஆட்டத்தின் நியாயத்தைக் காக்கும். கண்ணைக் காக்க விளையாட்டே நின்றுபோகும் அளவுக்கு எண்ணைத் தாழ்த்த வேண்டியிருக்கும்.

கண்ணுக்குக் காவல் கண்ணாடிதான். அங்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரியவேண்டும். ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் 'எஃப்' குறி பெற்ற கண்ணாடி, 6 மில்லிமீட்டர் எஃகுக்குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்கினால் போதும், கணக்கிட்டால் 0.87 ஜூல், அதாவது ஒரு ஜூலுக்கும் கீழே. 'பி' குறி 120 மீட்டர் வேகத்தைத் தாங்கவேண்டும், ஆற்றல் 6.2 ஜூல். அமெரிக்கத் தரத்திலும் வழக்கமான மூக்குக்கண்ணாடி வடிவத்துக்கு நொடிக்கு 150 அடி, முகத்தோடு ஒட்டிய காப்புக்கண்ணாடிக்கு 250 அடி என்று இரண்டு படிகள் உள்ளன. ஒன்று ஏறத்தாழ 1.1 ஜூல், மற்றது 3 ஜூல். வியர்வையில் பனி படியாது என்பதற்காகக் கம்பிவலைக் காப்பை விரும்புவோர் வெப்பநாடுகளில் மிகுதி. வலையில் மோதி உடையும் தரம் குறைந்த குண்டின் துகள்கள் கண்ணிகளின் வழியே உள்ளே நுழைந்துவிடும். பல்லுக்கு அந்த எழுத்துகளும் இல்லை, காப்பும் பலர் அணிவதில்லை. வாயை மூடும் கீழ்முகமூடி தனியாக வாங்கவேண்டிய பொருள்.